உங்கள் ஆய்வுக்கு ஒரு நிரந்தர எண்: வன்னியிலிருந்து எழுதுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் தெரிந்த தங்கை ஒருத்தி முல்லைத்தீவுப் பக்கக் கிணறுகளின் நீர்த்தரம் பற்றிப் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். மீள்குடியேற்றக் காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் அதே ஊர்களில் கிணறு கிணறாக அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அன்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிடுவதுதான் அவளுடைய ஆய்வு. அறிக்கையின் இணைய முகவரியைத் தேடிக் கொடுத்தவன் நான். ஆய்வேட்டைப் பார்த்த பரிசோதகர் அந்த இணைப்பை அழுத்தினார். வெறும் பக்கம்தான் வந்தது. திட்டம் முடிந்து, அலுவலகம் மூடப்பட்டு, இணையத்தளத்துக்குப் பணம் கட்ட யாரும் இல்லாமல் போயிருந்தது. அறிக்கையைத் தரவிறக்கி வைக்கச் சொல்லாதது என் தவறு. அந்த அத்தியாயத்தை அவள் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

வன்னியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நிறைய இந்த வகைதான். திட்ட அறிக்கைகள், ஆய்வேடுகள், குளங்களைப் பற்றிய அளவீடுகள், பிரதேச கலாசார விழா மலர்கள். பெரிய வெளியீட்டு நிறுவனங்களின் சஞ்சிகைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இவற்றை நாங்களே பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அதற்கான வழிகளில் ஒன்று நிரந்தர இலக்க அடையாளம். அதிலும் டிஓஐ (DOI) எனப்படும் எண்.

முகவரி வேறு, எண் வேறு

இணைய முகவரி ஒரு கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். கோப்பு இடம் மாறினால் முகவரி பொய்யாகிவிடும். இது எங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய விடயத்தை இப்போது காட்டுவதில்லை என்று 2014இல் ஹார்வர்ட் சட்ட ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 2008இலும் 2009இலும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியது. முகவரி எத்தனையோ முறை மாறியது. தேசிய அடையாள அட்டை எண் மாறவில்லை. அட்டையே தொலைந்தாலும் எண் அதேதான். புது இடத்துக் கிராம அலுவலர் அந்த எண்ணுக்கு எதிரே புது முகவரியை எழுதிக்கொண்டார்.

டிஓஐயும் இப்படித்தான் வேலை செய்கிறது. கட்டுரைக்கு ஓர் எண். மையப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இப்போதைய இணைய முகவரி. சஞ்சிகை தளம் மாறினால், நடத்துபவர்கள் பதிவேட்டில் முகவரியைத் திருத்துவார்கள். நீங்கள் பத்து வருடத்துக்கு முன் ஆய்வேட்டில் எழுதிய எண்ணில் எதையும் மாற்றத் தேவையில்லை. அழுத்தினால் புது இடத்துக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டியது, முகவரியைத் திருத்த ஓர் ஆள் வேண்டும் என்பது. கிராம அலுவலர் பதிவேட்டைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதன் அடியில் ஓடும் தொழில்நுட்பத்தின் பெயர் ஹேண்டில். இணையத்தின் அடிப்படை விதிகளான டிசிபி/ஐபியை வின்ட் சேர்ஃபுடன் சேர்ந்து வடிவமைத்த ரொபேர்ட் கானின் நிறுவனத்தில் உருவானது. சர்வதேச டிஓஐ அமைப்பு 1998இல் தொடங்கியது. 2012இல் ஐஎஸ்ஓ 26324 என்ற தர நியமமும் வந்தது.

எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 10.1000/182 என்பது டிஓஐ முறையின் கைநூலுக்கே கொடுக்கப்பட்ட எண். 10 என்று தொடங்கினால் அது டிஓஐ. புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் இடையில் உள்ள 1000, பதிவு செய்த நிறுவனத்துக்குரியது. சாய்கோட்டுக்குப் பிறகு வருவது அந்த வெளியீட்டுக்கு மட்டும் உரியது. டிஓஐ டொட் ஓர்க் (doi.org) என்ற தளத்துக்குப் போய் இந்த எண்ணை இட்டுப் பாருங்கள், கைநூல் திறக்கும். எங்கள் நாட்டுச் சஞ்சிகைகளைப் படிப்பவர்கள் 10.4038 என்ற தொடக்கத்தை அடிக்கடி காண்பார்கள். தேசிய விஞ்ஞான மன்றம் பேணும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தொகுப்பில் உள்ள சஞ்சிகைகளின் எண்கள் அப்படித் தொடங்கும்.

படி 1: மற்றவர்களின் எண்ணைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

சொந்த எண் வாங்க முன்னர் இதைச் செய்யுங்கள். செலவில்லை, இன்றே தொடங்கலாம்.

கட்டுரையின் முதல் பக்கத்தில் மேலேயோ கீழேயோ எண் இருக்கும். கையால் தட்டச்சு செய்யாமல் பிரதி எடுத்து ஒட்டுங்கள். ஓர் இலக்கம் பிழைத்தால் வேறு கட்டுரைக்குப் போகும், அல்லது எங்கேயும் போகாது. உசாத்துணைப் பட்டியலில் எண்ணை மட்டும் எழுதாமல், டிஓஐ டொட் ஓர்க் முகவரியோடு சேர்த்து முழு இணைப்பாக எழுதுவதுதான் இப்போதைய வழக்கம். கடைசியில் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். பல மென்பொருள்கள் அந்தப் புள்ளியையும் எண்ணின் பகுதியாக எடுத்துக்கொண்டு இணைப்பைக் கெடுத்துவிடும். நான் திருத்தும் ஆய்வேடுகளில் அதிகம் காணும் பிழை இதுதான்.

கட்டுரையின் தலைப்பு தெரியும், எண் தெரியாது என்றால் குரொஸ்ரெஃப் (Crossref) தளத்தின் தேடலில் தலைப்பை இடுங்கள். சஞ்சிகைக் கட்டுரைகளுக்கு எண் பதிவதில் முன்னணியில் இருக்கும் அமைப்பு அது, 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. தேடல் இலவசம், கணக்கும் தேவையில்லை.

மேற்கோள் காட்டும் அறிக்கைக்கு எண்ணே இல்லையா? இரண்டு வேலை செய்யுங்கள். கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்து, கிடைக்கும் பிரதியின் முகவரியையும் பார்த்த திகதியையும் உசாத்துணையில் சேருங்கள். இரண்டு நிமிட வேலை. அந்தத் தங்கைக்கு நான் இதைச் செய்து கொடுத்திருந்தால் போதுமாயிருந்தது.

படி 2: முதலில் உங்களுக்கு ஓர் எண்

கட்டுரைக்கு டிஓஐ என்றால் எழுதியவருக்கு ஓர்கிட் (ORCID) எண். 2012இல் வந்தது, 16 இலக்கம், பதிவு இலவசம். தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு அவசியம் என்பது வெளிநாட்டு விளக்கங்களைப் படித்தால் விளங்காது.

எங்கள் பெயர் முறையை எண்ணிப் பாருங்கள். தந்தையின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சஞ்சிகையின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். ஒருவர் தந்தையின் பெயரை அங்கே போடுவார், இன்னொருவர் தன் பெயரைப் போடுவார். தர்மலிங்கம் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பட்டச் சான்றிதழில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். திருமணமான பெண்களுக்கு முதலெழுத்தே மாறிவிடும். மாறுவதற்கு முன் எழுதிய கட்டுரைகள் வேறொருத்தியுடையவைபோலத் தனியே கிடக்கும். ஒரே பீடத்தில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இருவர் இருப்பதும் சாதாரணம். நல்ல ஆய்வு செய்தவர்கள், விண்ணப்பம் போடும்போது தங்கள் கட்டுரைகள் தங்களுடையவைதான் என்று நிரூபிக்க அலைந்ததைக் கண்டிருக்கிறேன். அது நியாயமில்லை.

ஓர்கிட் தளத்தில் பதியும்போது சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலை மட்டும் கொடுத்தால் படிப்பு முடிந்ததும் கணக்குக்குள் போக முடியாமல் திண்டாடுவீர்கள். வேறு பெயர்கள் என்ற பகுதியில் உங்கள் பெயர் இதுவரை எழுதப்பட்ட எல்லா எழுத்துக்கூட்டல்களையும், திருமணத்துக்கு முந்திய பெயரையும், தமிழில் பெயரையும் சேருங்கள். கிடைக்கும் எண் 0000-0002-1825-0097 போல இருக்கும். (இது ஓர்கிட் அமைப்பு மாதிரிக்காக ஒரு கற்பனைப் பேராசிரியருக்குக் கொடுத்த எண்.) கடைசி இலக்கம் முன்னுள்ள 15இலிருந்து கணக்கிடப்படுவது, தட்டச்சில் பிழை விட்டால் அது காட்டிக்கொடுக்கும். சிலருக்கு அந்த இடத்தில், எங்கள் பழைய அடையாள அட்டை எண்ணில் வருவதுபோல, ஓர் எழுத்து வரும். அதையும் விடாமல் எழுத வேண்டும்.

படி 3: பொதுவில் வைக்கலாமா என்று பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். தயவு செய்து தாண்டாதீர்கள்.

உங்கள் கட்டுரை ஏற்கெனவே ஒரு சஞ்சிகையில் வந்து எண் பெற்றிருந்தால் இன்னோர் எண் வாங்க வேண்டாம். ஒரே கட்டுரைக்கு இரண்டு எண் இருந்தால் மேற்கோள்கள் இரண்டாகப் பிரியும். ஆய்வேடு என்றால் மேற்பார்வையாளரிடமும் பீடத்திடமும் அனுமதி கேளுங்கள். கூட எழுதியவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விடயம் ஆட்களைப் பற்றிய தரவு. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், முன்னாள் போராளிகள், காணிப் பிணக்கில் இருப்பவர்கள் என்று எங்கள் மாவட்டங்களில் நேர்காணல் செய்யப்படுபவர்கள் நம்பிக்கையோடு வீட்டுத் திண்ணையில் இருத்திப் பேசியவர்கள். நிரந்தர எண் கொடுத்து வெளியிட்ட கோப்பைத் திரும்பப் பெற முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் வயது, தொழில், கோயிலுக்குப் பக்கத்து வீடு என்ற மூன்று விபரமே ஆளைக் காட்டிவிடும். வீட்டின் ஜிபிஎஸ் புள்ளிகளை எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுகளை ஏற்றாதீர்கள். தரவை வெளியிட முடியாது என்று தோன்றினால், விவரப் பக்கம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்படியும் கோப்பு பூட்டியும் இருக்கும் வசதி உண்டு. எண் கிடைக்கும், ஆட்களும் பாதுகாப்பாக இருப்பார்கள்.

கிணற்று நீர், மண், நெல் விளைச்சல், குளத்து நீர்மட்டம் போன்ற தரவுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

படி 4: கோப்பைத் தயார் செய்யுங்கள்

இங்கே எங்களுக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது: பாமினி. வடக்கில் இன்னும் எத்தனையோ ஆய்வேடுகளும் அறிக்கைகளும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்படுகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கோ அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கோவை. அப்படிச் செய்த பிடிஎப்பை ஏற்றினால் எண் கிடைக்கும், ஆனால் உள்ளே "இரணைமடு" என்று தேடினால் ஒன்றும் வராது. தலைப்பைப் பாமினியிலிருந்து பிரதி எடுத்து விவரப் பெட்டியில் ஒட்டினால் உலகம் முழுவதற்கும் அந்த ஆங்கிலக் கோவைதான் போய்ச் சேரும். ஆகவே முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு முறை வாசியுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் இலக்கக் குறியீடுகளும் குழம்பியிருக்கும்.

எழுத்தைப் பிடிஎப்பாகவும், அட்டவணைத் தரவை எக்செலில் மட்டும் விடாமல், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) கோப்பாகவும் வையுங்கள். ஒவ்வொரு நிரலும் என்ன, எந்த அலகு, எந்தப் போகத்தில் அளந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள். காலபோகமா சிறுபோகமா என்று தெரியாத கிணற்று அளவால் யாருக்கும் பயனில்லை.

படி 5: ஸெனோடோவில் ஏற்றுங்கள்

தனி ஒருவர் காசு கட்டாமல் டிஓஐ பெறும் வழிகளில் நான் பரிந்துரைப்பது ஸெனோடோ (Zenodo) என்ற தளம். ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடம் 2013இலிருந்து நடத்துகிறது. சேர்ன் இருக்கும் வரை கோப்புகளைப் பேணுவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும், எந்த மொழியிலும் ஏற்றலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு. எங்கள் ஆய்வேடுகளுக்கு அதில் ஒரு மூலை போதும்.

பதற்றமாக இருந்தால் ஸெனோடோவின் சாண்ட்பொக்ஸ் என்ற பயிற்சித் தளத்தில் முதலில் செய்து பாருங்கள். அங்கே கிடைக்கும் எண் உண்மையானதல்ல, ஆகவே பிழை விட்டாலும் பரவாயில்லை. பழகிய பிறகு உண்மைத் தளத்துக்கு வாருங்கள். உள்நுழைய ஓர்கிட் கணக்கையே பயன்படுத்தலாம்.

நியூ அப்லோட் என்பதை அழுத்துங்கள். அடுத்துத் தளம் ஒரு கேள்வி கேட்கும்: இந்த வெளியீட்டுக்கு ஏற்கெனவே டிஓஐ இருக்கிறதா? இல்லை என்று தெரிவு செய்து, பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் எண் உடனே ஒதுக்கப்படும். 10.5281 என்று தொடங்கும். கோப்பை இன்னும் ஏற்றாதீர்கள். அந்த எண்ணை எடுத்து உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்தில் எழுதி, மறுபடி பிடிஎப்பாக்கி, பிறகு ஏற்றுங்கள். நாளைக்கு அந்தக் கோப்பு வட்ஸ்அப்பில் கைமாறிப் போனாலும் எண் கூடவே போகும்.

விவரங்களை நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். தேடுபவர் உங்களைக் கண்டுபிடிப்பது இவற்றை வைத்துத்தான். தலைப்பைத் தமிழில் கொடுத்து, கூடுதல் தலைப்புப் பகுதியில் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேருங்கள். மொழி தமிழ் என்று குறியுங்கள். எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஓர்கிட் எண்ணையும் நிறுவனத்தையும் இணையுங்கள். சுருக்கம் இரு மொழியிலும் இருக்கட்டும். திறவுச்சொற்களில் ஊர்ப் பெயர்களை விட்டுவிடாதீர்கள்: ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று, தமிழிலும் ஆங்கிலத்திலும். ஊர்ப் பெயரைக் கொண்டு தேடுபவர்தான் உங்கள் ஆய்வு மிகவும் தேவைப்படும் ஆள்.

உரிமம் என்ற இடத்தில் கிரியேட்டிவ் கொமன்ஸ் பிவை 4.0 தானாகவே இருக்கும். உங்கள் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். வணிக நோக்கில் பயன்படுத்தக்கூடாது என்று நினைத்தால் அதற்கான உரிமத்தை மாற்றித் தெரிவு செய்யலாம்.

எல்லாவற்றையும் சேமித்து, ஒரு நாள் விட்டு, மீண்டும் பார்த்து, அதன் பிறகு பப்ளிஷ் பொத்தானை அழுத்துங்கள். வெளியிட்ட பிறகு விவரங்களைத் திருத்தலாம், கோப்பை மாற்ற முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கோப்பில் பிழை கண்டால் புதிய பதிப்பாக ஏற்ற வேண்டும். அதற்குத் தனி எண் வரும். எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான இன்னோர் எண்ணும் உண்டு, அது எப்போதும் கடைசிப் பதிப்பைக் காட்டும். மேற்கோள் காட்டும்போது நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் எண்ணையே காட்டுங்கள்.

கடைசியாக, வேறொருவரின் தொலைபேசியில் எண்ணைத் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் நீங்கள் உள்நுழைந்திருப்பதால் பூட்டிய கோப்பும் திறந்தே தெரியும்.

சஞ்சிகை நடத்துபவர்களுக்கு

இது வேறு அளவு வேலை. முதலில் சஞ்சிகைக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் (ISSN) பெறுங்கள்; இலங்கையில் அதைத் தேசிய விஞ்ஞான மன்றம் வழங்குகிறது. (நூல்களுக்கான ஐஎஸ்பிஎன் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம்.) பிறகு குரொஸ்ரெஃப்பில் உறுப்பினராகலாம். ஆண்டுச் சந்தாவும், கட்டுரை ஒவ்வொன்றுக்கும் சிறு கட்டணமும் உண்டு. வருமானம் குறைந்த நாடுகளுக்குக் கட்டணத்தை முழுமையாக நீக்கும் திட்டம் ஒன்றை 2023இல் தொடங்கியிருக்கிறார்கள். பணம் கட்ட முன்னர் இலங்கை பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களின் தளத்தில் பார்த்துவிடுங்கள். தகுதியுள்ள சஞ்சிகை என்றால் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில் சேரவும் முயலலாம்.

எண்ணின் பின்பகுதியை நீங்களே அமைப்பீர்கள். அதில் சஞ்சிகையின் பெயரையோ பீடத்தின் பெயரையோ புகுத்தாதீர்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகவில்லையா? பெயர்கள் மாறும், எண் மாறாது. குரொஸ்ரெஃப்பில் தமிழ் எழுத்தும் அங்கே செல்லாது. இலக்கங்களும் சிறிய ஆங்கில எழுத்துகளும் போதும்.

எண் பதிவதோடு கடமை முடிவதில்லை என்று முன்னரே சொன்னேன். தளம் மாறும்போது பதிவேட்டைத் திருத்துபவர் யார் என்று ஆசிரியர் குழுவில் இப்போதே எழுதி வையுங்கள். ஒரே ஒருவரிடம் கடவுச்சொல் இருந்து அவர் வெளிநாடு போய்விட்டால் சஞ்சிகையின் எண்கள் எல்லாம் அநாதையாகிவிடும்.

எண் எதைச் செய்யாது

டிஓஐ இருந்தால் கட்டுரை தரமானது என்று பொருளில்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் சஞ்சிகைகளும் டிஓஐ கொடுக்கும். இன்னும் மோசம், சில தளங்கள் பதிவே செய்யாத போலி எண்ணைக் கட்டுரையில் அச்சிடும். எங்கள் மாணவர்கள் கடன்பட்டுப் பணம் அனுப்ப முன்னர், அந்தச் சஞ்சிகையின் பழைய கட்டுரைகள் நாலைந்தின் எண்ணை டிஓஐ டொட் ஓர்க்கில் இட்டுப் பார்க்க வேண்டும். திறக்காவிட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

எண் கோப்பைப் பாதுகாப்பதும் இல்லை. 70 இலட்சத்துக்கு மேற்பட்ட டிஓஐகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், கால்வாசிக்கு மேற்பட்டவை எந்தப் பெரிய காப்பகத்திலும் சேமிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே எண் வாங்கிய கோப்புக்கும் இரண்டு மூன்று இடங்களில் பிரதி இருக்கட்டும். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் தளத்துக்கும் ஒன்றைக் கொடுங்கள். அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் ஒன்று உண்டு; தமிழில் தேடி வருபவர்கள் முதலில் போகும் இடமும் அதுதான்.

பழைய திட்ட அறிக்கைகளை அச்சுப் பிரதியாக அலுமாரியில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், சங்கத் தலைவர்கள் பலர் வன்னியில் இருக்கிறீர்கள். அவற்றின் உரிமை உங்களுடையது இல்லையென்றால் நீங்களாக ஸெனோடோவில் ஏற்ற வேண்டாம். நூலகத்தாரிடம் பேசுங்கள், அனுமதி பெறும் வேலை அவர்களுக்குப் பழக்கம். கறையானும் மாரி மழையும் வருவதற்கு முன்னர் பக்கங்களைத் தொலைபேசியிலாவது படம் எடுத்து வையுங்கள். முல்லைத்தீவுக் கிணறுகளை அளந்த அந்த அறிக்கை உங்களில் யாரிடமாவது இருந்தால் அதையும்தான். கிணறுகளின் பட்டியல் அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்தது.